சொந்த ஊர் ரோட்டில் ரேஸ் ஓடுபவர்கள் செய்யும் தவறுகள்

காரைக்குடியில் குன்றக்குடி சாலையில் விடியற்காலை போய் நின்றால் இப்போது நாலு பேராவது ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பத்து கிலோமீட்டர், ஹாஃப் மாரத்தான் என்று பக்கத்திலேயே பந்தயங்கள் வருவதால் புதிதாக ஓட வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ போய் ஒழுங்காக ஓடிவிட்டு வருகிற அதே பையன், தன் வீட்டு வாசல் வழியாகப் போகும் பந்தயத்தில் சொதப்புகிறான். பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இவற்றில் பாதியை ஒரு காலத்தில் நானும் செய்தவன்தான் என்பதால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்துவிடும்.

புது ஷூ போட்டு ஓடாதே, ஷூ லேஸைச் சரியாகக் கட்டு என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

முந்தின ஞாயிறு 'டெஸ்ட்' ஓட்டம்

எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டுவது இதுதான். பந்தயம் அடுத்த ஞாயிறு. பாதை நம்ம ஊர்ப் பாதை. வாட்ச் இருக்கிறது, கால் துடிக்கிறது. 'என்ன டைமிங் வருதுன்னு ஒரு தடவை பார்த்துடுவோம்' என்று முழுத் தூரத்தையும் முழு வேகத்தில் ஓடிவிடுவது. வெளியூர்ப் பந்தயத்தில் இந்த ஆசைக்கு வழியே இல்லை. பாதை கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும், அதனால் தப்பித்துவிடுவோம்.

பள்ளத்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் மூன்று மாதம் உழைத்து ஹாஃப் மாரத்தானுக்குத் தயாரானான். ஒரு நாள் ஓட்டம் தவறவிட்டதில்லை. பந்தயத்துக்கு முந்தின ஞாயிறு வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் வந்தது: 21 கி.மீ., அவன் வாழ்நாளின் சிறந்த நேரம். கைதட்டல் படங்களாகக் குவிந்தன. நான் தனியாகப் போன் போட்டு, "ஏன்டா தம்பி, யாருடா இப்ப ஓடச் சொன்னது?" என்றேன். "சும்மா பார்த்தேன்ணே. இன்னும் ஆறு நாள் இருக்குல்ல, ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்தா போதும்ணே" என்றான்.

அந்த ரெண்டு நாள் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். தசையில் இருக்கும் கிளைகோஜன் (ஓட்டத்துக்கு எரிபொருளாகும் மாவுச்சத்துச் சேமிப்பு) தீர்ந்தால், நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுத்தால் ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் நிரம்பிவிடும். அது உண்மை. ஆனால் தார்ச் சாலையில் 21 கி.மீ. அடித்து ஓடும்போது தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அது ஆற ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். வலி மூன்றாம் நாள், நாலாம் நாள் போய்விடும். வலி போனதால் கால் தயார் என்று நினைத்துக்கொள்கிறோம், பலம் இன்னும் திரும்பியிருக்காது. இன்னொன்று, ஒரு கடுமையான ஓட்டத்தின் பலன் உடம்பில் சேர ஒன்றரை, இரண்டு வாரம் ஆகும். களைப்பு அன்றைக்கே வந்துவிடும். ஆக, கடைசி ஞாயிறு ஓட்டத்தில் பந்தயத்துக்குப் பயன்படுவது ஒன்றுமே கிடையாது. கல்யாணத்துக்கு முந்தின நாளே பந்தியை நடத்தி முடித்துவிட்டு, மறுநாள் வருகிறவர்களுக்குக் காலி அண்டாவைக் காட்டுகிற வேலை.

பந்தயத்தன்று அவன் பதினான்காவது கிலோமீட்டர் வரை நன்றாகத்தான் ஓடினான். அப்புறம் நடந்தான். அவன் வீட்டு வாசலையும் நடந்தே கடந்தான். அவன் அம்மா சொம்பில் தண்ணீரோடு நின்றிருந்தார்.

இதில் எனக்குப் பெரிய கோபம் என்னவென்றால், சோம்பேறிகள் யாரும் இதைச் செய்வதில்லை. உழைக்கிற பையன்கள்தான் செய்கிறார்கள். டெஸ்ட் ஓட்டம் நன்றாக வந்தால் பந்தயத்தில் அதை முறியடிக்க முதல் கிலோமீட்டரிலேயே பறப்பார்கள். மோசமாக வந்தால் மனசு விட்டுப்போகும். எந்தப் பக்கம் விழுந்தாலும் நஷ்டம்.

சரி, பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? வேண்டும். பந்தயத்துக்கு மூன்று, நாலு வாரம் முன்னால் கடைசி ஐந்தாறு கிலோமீட்டரை மட்டும் பந்தய வேகத்தில் ஓடிப் பாருங்கள். களைத்த காலோடு வரப்போவது அந்தப் பகுதிதான். மீதியைச் சைக்கிளில் போய்ப் பார்த்தால் போதும். கடைசி இரண்டு வாரத்தில் ஓடும் மொத்தத் தூரத்தைப் படிப்படியாகப் பாதி அளவுக்குக் குறையுங்கள். வேகத்தை மட்டும் முழுசாக விட்டுவிடாதீர்கள். சின்ன ஓட்டத்துக்கு நடுவே ஒன்றிரண்டு கிலோமீட்டர் பந்தய வேகத்தில் போகலாம். கால் துறுதுறுவென்றிருக்கும். அப்படியே இருக்கட்டும்.

இருட்டில் ஓடிய நேரத்தை வெயிலில் எதிர்பார்ப்பது

நம் பயிற்சி எல்லாம் ஐந்து மணிக்கு. பந்தயம் ஆறு மணிக்கு என்று நோட்டீஸில் இருக்கும். சிறப்பு விருந்தினர் வந்து, பொன்னாடை போர்த்தி, நாலு வார்த்தை பேசி, கொடியசைக்கும்போது ஆறே முக்கால். ஹாஃப் ஓடுகிறவர் பாதி தூரத்தைத் தாண்டும்போது செட்டிநாட்டு வெயில் முதுகில் ஏறியிருக்கும். ஆனால் இவரோ 'பெட்ரோல் பங்க்கில் 32 நிமிஷம், கண்மாய் மடையில் 50 நிமிஷம்' என்று இருட்டில் ஓடிய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு அதைத் துரத்துவார். பழகிய பாதையின் தொல்லையே இதுதான், ஒவ்வொரு மரமும் நேரம் சொல்லும்.

உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் தேவை. அந்த நாட்களை ஒரு மாதம் முன்னதாகவே ஒதுக்கி, எளிதான ஓட்டங்களைக் காலை ஏழு மணிக்கு மேல் ஓடிப் பாருங்கள். பந்தயத்தன்று தொடக்கம் தாமதமானால் முதல் சில கிலோமீட்டரில் கிலோமீட்டருக்குப் பத்து, பதினைந்து வினாடி விட்டுக்கொடுங்கள். பேச்சு முடியும்வரை நிழலில் நில்லுங்கள், மேடைக்கு முன்னால் நிற்க வேண்டியதில்லை. ஆடி மாதமாக இருந்தால் காற்றையும் கணக்கில் எடுங்கள். காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்குப் போகும்போது மேல்காற்று முகத்தில் அடிக்கும், திரும்பும்போது தள்ளிவிடும். போகும்போதே அதோடு மல்லுக்கட்டினால், திரும்பும்போது அது தள்ளிவிட்டாலும் ஓடக் காலில் தெம்பு இருக்காது.

சொந்தத் தெருவில் வேகம் கூட்டுவது

மாமா, சித்தப்பா, பள்ளிக்கூட வாத்தியார் எல்லோரும் நிற்பார்கள். கூப்பிடுவார்கள். முந்நூறு மீட்டர் பறந்துவிட்டு அடுத்த மூன்று கிலோமீட்டர் மூச்சு வாங்குவார் நம் வீரர். பார்க்கிற யாருக்கும் உங்கள் பேஸ் (கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம் என்ற கணக்கு) தெரியாது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தா எப்படியும் "ஏண்டா இப்படி ஓடுற, யாரு துரத்துறா?" என்றுதான் கேட்கப்போகிறார்.

மூலை திரும்புவது

கானாடுகாத்தான் மாதிரி ஊர்களில் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். வீடே ஒரு தெருவில் முகப்பாகத் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். அதனால் திருப்பங்கள் எல்லாம் செங்கோண மூலைகள். தினமும் பைக்கில் போகிற பழக்கத்தில் இங்கேயும் இடது ஓரமாகவே ஓடி, மூலையை அகலமாகச் சுற்றுகிறார்கள். முறையாக அளந்த பாதை என்றால், திருப்பங்களில் உள் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளிப் போகும் மிகக் குறுகிய வழியைத்தான் அளந்திருப்பார்கள். அதைவிட அகலமாகத் திரும்பினால் கூடுதல் தூரம் உங்கள் கணக்கில். முடித்த பிறகு வாட்ச்சைக் காட்டி 'தூரம் கூட இருக்கு' என்று அமைப்பாளரிடம் சண்டைக்குப் போவார்கள். பாதை முழுவதும் போக்குவரத்தை நிறுத்தியிருந்தால் மட்டும் உள் ஓரம் பிடியுங்கள்.

கண்மாய்க் கரை

செம்மண் கரை இறுகிக் காய்ந்து, மேலே பொடிச் சரளை கிடந்தால் வழுக்கும். இறங்கும்போது அடியைச் சின்னதாக வையுங்கள். சீமைக் கருவேல முள் மெல்லிய ஷூ அடியைத் துளைத்துக்கொண்டு வரும். 'பழகின வழிதான்' என்று வானத்தைப் பார்த்து ஓடாதீர்கள், முள்வெட்டி நேற்றுத்தான் அந்த வழியாகப் போயிருப்பான்.

ஊர்க்காரர் என்பதால் வேலையும் பார்ப்பது

பேனர் கட்டுவது, தண்ணீர் கேன் இறக்குவது, பிப் (மார்பில் குத்தும் எண் அட்டை) கொடுப்பது. ஓடுங்கள், இல்லாவிட்டால் வேலை பாருங்கள்.

முந்தின இரவு விருந்து

ஆட்டுக்கறி திங்கட்கிழமையும் கிடைக்கும்.

முடித்ததும் பைக்கில் ஏறுவது

வீடு ரெண்டு கிலோமீட்டரில் இருக்கிறது என்று பதக்கத்தை வாங்கியதும் வண்டியை உதைத்துவிடுகிறார்கள். ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால் இரத்தம் காலில் தேங்கி, தலை சுற்றலாம். வண்டி ஓட்டும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் அதைவிட மோசம். பத்து நிமிடம் நடங்கள். தண்ணீரோடு உப்புப் போட்ட மோரோ ஒரு வாழைப்பழமோ உள்ளே போகட்டும். வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.