வாடகை வீட்டில் மனசு ஒட்டாமல் இருந்தது எப்படிச் சரியானது

பாளையங்கோட்டையில் எங்கள் வீடு கட்டி முடியும்வரை என்று 11 மாத ஒப்பந்தத்தில் இந்த வாடகை வீட்டுக்கு வந்தோம். வந்த நாளிலிருந்து சமைக்கவே மனசு வரவில்லை. அடுப்படிச் சுவரின் கரியைத் தேய்த்தேன், புதுத் திரைச்சீலை வாங்கினேன், காலையில் கூடுதலாக அரைமணி நேரம் ஜெபித்தும் பார்த்தேன்; இரண்டே நாளில் பழையபடி.

அப்புறம் ஒருநாள், தினம் ஒரு பைபிள் வசனம் வரும் காலண்டரில் எரேமியா 29:11, உங்களுக்கு நல்ல எதிர்காலம் தருவேன் என்று கடவுள் சொல்கிற வசனம். மனப்பாடமான வசனம்தான், ஆனாலும் அன்றைக்கு அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. 70 வருஷம் கழித்துத் திரும்புவீர்கள் என்று சொல்கிற அதே கடிதம்தான், 5-ஆம் வசனத்தில், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்றும் சொல்கிறது. இத்தனை வருஷம் இதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

கட்டிலுக்கடியில் 'புது வீட்டுக்கு' என்று எழுதி டேப் ஒட்டிய நாலு அட்டைப்பெட்டிகள். அம்மா தந்த இட்லிக் கொப்பரை, நல்ல தட்டுகள் எல்லாம் அதற்குள்தான். அன்றே பிரித்தேன். பின்வாசல் தொட்டியில் வெந்தயம் விதைத்தேன், மூன்றாம் நாளே முளைவிட்டது. சனிக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டேன், அந்த நல்ல தட்டில்தான் பரிமாறினேன்.