பாடமே ஆட்டமாக: கைபேசிக்குக் கல்வி விளையாட்டு உருவாக்கும் முறை

கைபேசிக்கென வெளிவரும் கல்வி விளையாட்டுகளில் பல ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு கணக்குக்கு விடை சொன்னால் சிறிது தூரம் பந்தயக் கார் ஓட்டலாம். அடுத்த கணக்கு வந்ததும் கார் நின்றுவிடும். இவற்றில் ஆட்டம் ஓரிடத்திலும் பாடம் வேறிடத்திலும் இருப்பதால், குழந்தை பாடத்தைச் சுங்கச்சாவடியாகவே பார்க்கிறது. எதைக் கற்பிக்க வேண்டுமோ அதைச் செய்வதே ஆட்டமாக இருக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே உறுதி செய்துகொண்டால், பின்னர் எழக்கூடிய சிக்கல்களில் பாதி எழாமலே போகும்.

ஆகவே நிரல் எழுத உட்காரும் முன், கற்பிக்கப்போகும் திறனை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். ‘பின்னங்கள்’ என்பது பாடத் தலைப்பு மட்டுமே. ‘பகுதி வேறுபடும் இரு பின்னங்களில் எது பெரியது என்று கண்டறிதல்’ என்பதே திறன். அதன் அருகிலேயே, கற்போர் வழக்கமாகச் செய்யும் பிழையையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றைவிட நான்கு பெரியது, ஆகவே 1/3-ஐவிட 1/4 பெரியது என்று எண்ணுவது ஆசிரியர்கள் நன்கறிந்த பிழை. அந்தப் பிழைக்கு இடம் கொடுத்து, அதன் விளைவைக் குழந்தையின் கண்முன்னே காட்டும் ஆட்டத்தைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

உடைந்த பாலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் இடைவெளியை அடைக்க 1/4, 1/3 என்று எழுதிய இரண்டு பலகைகள் திரையின் அடியில் கிடக்கின்றன. கண்ணால் அளந்து தப்பித்துவிடாதபடி, அங்கே இரண்டும் ஒரே அளவில் வரையப்பட்டிருக்கின்றன. பாலத்தில் வைத்த பிறகே பலகை தன் உண்மையான நீளத்தைப் பெறுகிறது. 1/3 அளவுள்ள இடைவெளியில் 1/4 பலகையை வைத்தால், அது மறுகரையை எட்டாமல் நீரில் விழுகிறது; விழுவதற்கு முன் ஒரு நொடி, எட்டாமல் போன 1/12 தூரம் நிறம் மாறிக் காட்டப்படுகிறது. சிவப்புப் பெருக்கல் குறியோ எரிச்சலூட்டும் ஒலியோ இங்கே தேவையில்லை.

ஊகத்தைத் தடுக்கவும் வழி செய்ய வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் பாதி சரியாகிவிடும். மூன்று இடைவெளிகளைத் தொடர்ச்சியாகச் சரியாக அடைத்தால்தான் பாலத்தைக் கடக்கலாம் என்றால், அந்த வாய்ப்பு எட்டில் ஒன்றாகச் சுருங்கும். கடிகாரம் வைத்தால் ஆட்டம் சூடுபிடிக்கும் என்று யாராவது கட்டாயம் யோசனை சொல்வார்கள். ஏற்கெனவே தெரிந்த வாய்பாட்டைச் சரளமாக்க அது உதவலாம். புதிய கருத்தைப் புரிந்துகொள்ளும் கட்டத்தில் அது அவசரப்பட்டு ஊகிக்கவே பழக்கும் என்பது என் கருத்து. மறதியைப் பற்றிய ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸின் ஆய்வு 1885-ல் வெளிவந்ததிலிருந்து நாம் அறிந்தபடி, கால இடைவெளி விட்டுச் செய்யும் பயிற்சியே மனத்தில் நிற்கும். எனவே தடுமாறிய பின்னங்களைச் சில நிலைகள் கழித்தும், மறுநாள் ஆட்டத்தைத் திறக்கும்போதும் மீண்டும் கொண்டுவாருங்கள்.

இவ்வளவையும் முதலில் காகிதத்தில் வெட்டி ஆடிப் பார்த்துவிட்டு, அதன்பின் கருவியைத் தேர்ந்தெடுங்கள். சி ஷார்ப் நிரல்மொழி அறிந்தவர்களுக்கு யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் கருவி வசதியானது. இத்தகைய இருபரிமாண விளையாட்டுக்குக் கட்டணமில்லாத திறமூலக் கருவியான கோடோவே போதும். எதைத் தேர்ந்தெடுத்தாலும், முதல் நாளிலேயே ‘கொக்கு’ என்ற சொல்லைத் திரையில் வரவழைத்துப் பாருங்கள். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் உயிர்மெய்யின் குறி மெய்க்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது. அதை முன்னும் பின்னும் பிரித்து வைக்கும் வேலையைச் செய்யாத உரைக்கருவியில் கொம்பு இடம் மாறித் தெரியும். 2023-ல் வெளிவந்த கோடோ 4 இதைத் தானே சரியாகச் செய்கிறது.

தொடுதிரைக்கென்று தனிக் கவனம் வேண்டும். ஆண்ட்ராய்டு வழிகாட்டுதலின்படி தொடும் பரப்பு குறைந்தது 48 டிபி (திரையின் புள்ளி அடர்த்தியைச் சாராத நீள அலகு), அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு இதனினும் பெரிதாக வையுங்கள். சாதனத்தைப் பிடித்திருக்கும் மற்றொரு கையின் கட்டைவிரல் திரையோரத்தில் பட்டுக்கொண்டே இருக்கும். அதையும் ஒரு தொடுதலாகக் கணக்கிட்டால் பலகை எங்கோ தாவிவிடும். பலகையை முதலில் தொட்ட விரலின் அடையாள எண்ணை மட்டும் பின்தொடர்ந்து, மற்றவற்றைப் புறக்கணியுங்கள். இழுக்கும்போது பலகையை விரலுக்குச் சற்று மேலே வரைந்தால், அதன்மீதுள்ள எண் மறையாது. அழைப்பு வந்தாலும் ஆட்டம் அழியாதபடி ஒவ்வொரு பலகைக்குப் பின்னும் நிலையைச் சேமித்துவிடுங்கள். இணையமின்றியும், ஒலியை அணைத்த நிலையிலும் விளையாட்டு முழுமையாக இயங்க வேண்டும்.

சோதனையின்போது குழந்தையின் கையில் சாதனத்தைக் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் இருப்பதுதான் மிகக் கடினம். “இப்ப என்ன செய்யணும்?” என்று குழந்தை கேட்கும் திரை எதுவோ, அது திருத்தப்பட வேண்டிய திரை. ஆர்வமாக விளையாடியது கற்றதற்குச் சான்றாகாது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் அதே வகைப் பின்னங்களைத் தாளில் கொடுத்து ஒப்பிடுங்கள்.

வெளியிடுவதற்குக் கூகுள் பிளேயில் ஒருமுறை 25 டாலரும், ஆப் ஸ்டோரில் ஆண்டுக்கு 99 டாலரும் பதிவுக் கட்டணம். 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்காயின், குறைந்தது 12 பேரைக் கொண்டு 14 நாட்கள் தொடர்ச்சியாக மூடிய சோதனை (அழைக்கப்பட்டவர்கள் மட்டும் ஆடிப் பார்ப்பது) நடத்திய பின்னரே கூகுள் பிளேயில் பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 13 வயதுக்குட்பட்டோரின் தனிப்பட்ட தகவலைத் திரட்டப் பெற்றோரின் உறுதிசெய்யத்தக்க ஒப்புதல் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த வயது வரம்பு 16, உறுப்பு நாடுகள் அதை 13 வரை குறைத்துக்கொள்ளலாம். எந்தத் தகவலையும் திரட்டாமலிருப்பதே சிறு குழுவுக்கு எளிய வழி. பெயரோ இருப்பிடமோ இல்லாமல், எந்தப் பின்ன இணையில் பலகை அடிக்கடி விழுகிறது என்ற எண்ணிக்கையைச் சாதனத்திலேயே வைத்து, அதைப் பெற்றோர் பக்கத்தில் காட்டினால் போதும். அடுத்த பதிப்பில் எந்த நிலையைத் திருத்துவது என்பதைச் சோதனைக்கு உடன்பட்ட சில குடும்பங்களிடம் அந்தப் பக்கத்தைக் கேட்டுப் பார்த்தே முடிவு செய்யலாம்.