வீழ்ந்த பாலடினை ஆட்டத்துக்குள் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறையில் ஒரு சிறுவன். அவனைக் கொன்றால்தான் சாபம் நீங்கி ஊர் பிழைக்கும். விட்டுவைத்தால் ஊரே அழியும். டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்னும் மேசைக் கதையாட்டத்தில் பாலடின், அதாவது சத்தியம் எடுத்துத் தெய்வ அருளால் ஆற்றல் பெற்ற புனித வீரர், எதைச் செய்தாலும் சத்தியம் உடையும், தெய்வ அருள் போய்விடும். இப்படியொரு காட்சியை ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் ரகசியமாகத் தயாரித்துக்கொண்டு வந்தால், வீழ்ச்சியை முடிவு செய்தவர் அவர்தான். ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்காத குற்றத்துக்கு அவருடைய பாத்திரம் வருந்துவதில் உயிர் இருக்காது. இந்தப் பாத்திரத்தைக் கெடுக்கும் தவறுகளில் இதுவே முதன்மையானது.

இந்தப் பழக்கத்துக்குப் பழைய விதிகளில் வேர் இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆட்டத்தில் பாலடின் 1975இல் கிரேஹாக் துணைநூலோடு வந்தார். 1978ஆம் ஆண்டின் விதிப்படி, தெரிந்தே ஒரு தீச்செயல் செய்தால் பாலடின் நிலை திரும்பக் கிடைக்காதபடி பறிபோகும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, பிராயச்சித்த மந்திரத்தின் மூலம் திரும்பிவர வழி வைத்தது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் சத்தியமே மையம். அதை மீறியவர் இரவு முழுவதும் விழித்துப் பிரார்த்தித்தோ நோன்பிருந்தோ பாவமன்னிப்புப் பெற்று மீண்டும் தொடங்கலாம். விதிகள் இவ்வளவு தளர்ந்த பிறகும் சில மேசைகளில் 1978தான் நடக்கிறது.

மாற்றுவழி எளிது. கேம்பெயின், அதாவது பல அமர்வுகளாக நீளும் கதை, தொடங்கும் முன்பே ஆட்டக்காரரிடம், "உன் வீரன் எதைச் செய்தால் தன்னையே மன்னிக்கமாட்டான்?" என்று கேளுங்கள். ஆட்டத்தில் அந்தக் கணம் நெருங்கும்போது, "இது உன் சத்தியத்துக்கு முரண் என்று உன் பாத்திரத்துக்குத் தெரியும். செய்கிறாயா?" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அதன் பிறகும் செய்தால், அந்த வீழ்ச்சி முழுக்க அவருடையது.

ஏற்கெனவே வீழ்ந்தவராகவே பாத்திரம் தொடங்கும்போது வேறொரு தவறு நேர்கிறது. "ஒரு பெரிய பாவம் செய்தார், அதைப் பற்றிப் பேசமாட்டார்" என்று பின்கதையை எழுதி முடித்துவிடுகிறார்கள். அதில் பாதிக்கப்பட்டவர் யாரும் இல்லை, பார்த்த சாட்சியும் இல்லை. அவமானம் என்பது பிறர் கண்ணில் நிகழ்வது. தெய்வம் அருளை எடுத்துக்கொண்டது என்பதைவிட, தெருவில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதுதான் மேசையில் வேலை செய்யும்.

ஒரு வடிவம் சொல்கிறேன். அகதி வண்டிகள் எல்லாம் ஆற்றைக் கடக்கும்வரை பாலத்தின் கதவைக் காக்க வேண்டியவர் அந்த வீரர். எதிரியின் தீப்பந்தங்கள் தெரிந்ததும் பயந்து முன்கூட்டியே கதவை அடைத்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்து குழு அதே ஆற்றங்கரைக்கு வருகிறது. படகுக்காரர் மற்றவர்களிடம் ஆளுக்கு இரண்டு செம்புக்காசு வாங்கிக்கொண்டு ஏற்றுகிறார். இவருடைய காசை மட்டும் தொடவில்லை. அன்று கதவுக்கு வெளியே நின்றவர்களில் படகுக்காரருடைய தம்பியும் ஒருவன். இனி குழு என்ன செய்யும்? தோழனை விட்டுவிட்டுப் போகுமா, வேறு வழி தேடுமா, அந்தப் பாலடினையே பேசச் சொல்லுமா? நீண்ட பின்கதையால் ஆகாதது இந்த ஒரு மறுப்பால் ஆகிவிடும்.

வரலாற்றிலிருந்தும் எடுக்கலாம். சிலுவைப்போர்க் காலத்து டெம்ப்ளர் என்னும் துறவி வீரர் சபையின் ஒழுங்குவிதியில் இரண்டு பெரிய தண்டனைகள் இருந்தன. போர்க்களத்தில் கொடியைக் கைவிட்டு ஓடியவர், சபையின் ரகசியத்தை வெளியிட்டவர் போன்றோர் சபையிலிருந்தே நீக்கப்பட்டார்கள். அதைவிடச் சிறிய குற்றம் என்றால், ஓராண்டும் ஒரு நாளும் அங்கியை இழந்து, தரையில் அமர்ந்து உண்டு, அடிமைகளோடு வேலை செய்ய வேண்டும். ஆனால் சபைக்குள்ளேயே இருப்பார். கேம்பெயினுக்கு இரண்டாவது வகைதான் வளமானது என்பது என் எண்ணம். துரத்தப்பட்டவர் எங்கேயும் போய்விடலாம். அங்கி இழந்தவரோ தன்னை அறிந்தவர்கள் நடுவிலேயே ஒவ்வொரு வேளையும் தரையில் உட்கார வேண்டும்.

அடுத்தது ஆற்றல்களைக் கையாளும் விதம். எல்லாவற்றையும் பறித்துவிட்டால், அந்த ஆட்டக்காரர் அமர்வுக்கு அமர்வு தோழர்களின் சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாறாக, 2014இன் டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் உள்ள சத்தியம் முறித்தவர் என்னும் பாலடின் வகையைத் தூக்கிக் கொடுப்பதும் சரியல்ல. அது தீமையைத் தழுவியவர்களுக்கானது, வருந்துகிறவருக்குப் பொருந்தாது. பாத்திரம் ஏழாம் நிலைக்கு உயரும்போது அந்த வகை தரும் ஆற்றல், பத்தடிக்குள் இருக்கும் எந்தப் பேய்க்கும் எந்த நடைபிணத்துக்கும் பலம் கூட்டும். எதிரியின் படை என்றாலும் கூட்டும். பாலடினின் கரிஸ்மா, அதாவது ஆளுமைத்திறன், தரும் கூடுதல் எண் நான்கு என்றால், சூழ்ந்து நிற்கும் ஒவ்வொரு எலும்புக்கூடும் கைச்சண்டையில் நான்கு சேதம் அதிகமாகத் தரும். இதைப் படிக்காமல் எடுத்தவர்கள் முதல் சுடுகாட்டுச் சண்டையிலேயே திகைப்பார்கள்.

நான் பரிந்துரைப்பது இது: ஆற்றல்கள் இருக்கட்டும், தொட்டுக் குணமாக்கும் கையும் இருக்கட்டும். ஆனால் காயம்பட்டவர் அந்தக் கையை ஏற்க வேண்டும். ஊரார் மறுக்கலாம், சாகும் தறுவாயிலும் மறுக்கலாம். எண்கள் எதையும் மாற்றாமலே அவமானம் ஆட்டத்துக்குள் வந்துவிடும்.

ஒருவருடைய துயரம் மேசை முழுவதையும் விழுங்க விடாதீர்கள். அமர்வுக்கு ஒரு காட்சி போதும். அதிலும் மற்றவர்களுக்கு வேலை இருக்கட்டும். பேசாமல் மூலையில் நின்று முறைப்பது மட்டுமே நடிப்பு ஆகாது என்று அந்த ஆட்டக்காரரிடமும் அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, மீட்பை ஒரு டிராகனின் தலைக்கு விற்றுவிடாதீர்கள். வீரச்செயலைப் பார்த்துத் தெய்வம் மன்னிக்கலாம், சபை அங்கியைத் திருப்பித் தரலாம். படகுக்காரர் மன்னித்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சில ஆட்டக்காரர்களுக்கு மன்னிப்பு கிடைக்கும் காட்சி தேவைப்படும். சிலர் அது கிடைக்காமலே தொடர்ந்து நல்லது செய்யும் ஒருவரைத்தான் ஆட விரும்புவார்கள். எது வேண்டும் என்பதைப் பாதி வழியிலாவது தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, படகுக்காரரை எப்போது மறுபடி கொண்டுவருவது என்று முடிவு செய்யுங்கள்.