பிஎச்டி சேரப் போறீங்களா? பையிலயும் மனசுலயும் நாம பண்ற தப்புங்க

புதுசா பிஎச்டி ஜாயின் பண்றவங்க "அக்கா, என்னென்ன எடுத்துட்டு வரணும்"னு கேக்கறாங்க. நான் கெமிஸ்ட்ரி, சென்னையில பண்ணேன், தினமும் செங்கல்பட்டுல இருந்து ட்ரெயின்ல போய்ட்டு வந்தேன், அதனால எதை எடுத்துட்டுப் போகணும் எதை எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு பட்டுத்தான் கத்துக்கிட்டேன்.

முதல்ல ஒரிஜினல் சர்டிஃபிகேட். அட்மிஷன் அன்னைக்கு ஆபீஸ்ல "வச்சிட்டுப் போங்க"ன்னா பயத்துல குடுத்துட்டு வந்துடறோம். வெரிஃபை பண்ணிட்டு அப்பவே திருப்பிக் குடுத்துடணும், வாங்கி வச்சுக்கக் கூடாதுன்னு பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2018லயே சொல்லியிருக்கு. அஞ்சாறு செட் செராக்ஸ் கையில வச்சுக்கோங்க, ஒரிஜினல் வீட்டுக்குத் திரும்பி வரட்டும்.

அப்புறம் காசு. 2023 ஜனவரியில இருந்து ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை மாசம் 37,000 ரூபா, ரெண்டு வருஷம் கழிச்சு அதுக்கு அடுத்த படியான எஸ்ஆர்எஃப் ஆனா 42,000. நல்ல காசுதான், ஆனா ஒண்ணாம் தேதி டாண்ணு வந்து விழற சம்பளம் இல்ல, மாசாமாசம் யுனிவர்சிட்டி கன்ஃபர்ம் பண்ணாத்தான் வரும், எனக்கு முதல் பணம் வரவே சில மாசம் ஆச்சு, நான் அதுக்குள்ள அம்மாகிட்ட "இனிமே வீட்டு வாடகை நான் குடுத்துடறேன்"னு வாக்குக் குடுத்திருந்தேன். அந்த சில மாசம் வீட்டுக்குள்ள நுழையறப்பவே ஒரு குத்தவுணர்ச்சி இருக்கும். பணம் அக்கவுண்ட்ல வந்த பிறகு வாக்குக் குடுங்க, அதுவரைக்கும் இஎம்ஐ எதுவும் போடாதீங்க.

லேப் கோட்டையும் டிபன் பாக்ஸையும் ஒரே பையில போடாதீங்க, இதுக்கு மேல இதுல சொல்ல ஒண்ணும் இல்ல.

டேட்டாதான் பெரிய விஷயம். ரெண்டாவது வருஷம், என்னோட என்எம்ஆர் டேட்டா (செஞ்ச காம்பவுண்ட் சரிதானான்னு காட்டற ஸ்பெக்ட்ரம்) மொத்தமும் ஒரே பென்டிரைவ்ல, அது சாவிக்கொத்துல தொங்கிட்டு இருந்துச்சு, ஒரு நாள் தாம்பரத்துல கூட்டத்துல இறங்கும்போது சாவிக்கொத்தே போச்சு. இன்ஸ்ட்ருமென்ட் ரூம் கம்ப்யூட்டர்ல தேடினா இடம் பத்தலன்னு பழசெல்லாம் அழிச்சிட்டாங்க. பதினோரு காம்பவுண்டை மறுபடியும் செஞ்சு மறுபடியும் ஸ்பெக்ட்ரம் எடுத்தேன். மூணு காப்பி இருக்கணும், அது ரெண்டு வேற வேற விதமான சாதனத்துல இருக்கணும், ஒண்ணாவது லேபுக்கு வெளிய இருக்கணும். பிடிஎஃப் மட்டும் வச்சா போதாது, மெஷின் குடுத்த ரா ஃபைல் அப்படியே வேணும், பேப்பரைப் பரிசீலிக்கற ரிவ்யூவர் கேட்டா வேற வழி இல்ல. நோட்டும் அப்படித்தான், கையுறை மேலயும் டிஷ்யூ மேலயும் வெயிட்டை எழுதிட்டு சாயங்காலம் காப்பி பண்ணிக்கலாம்னு விடாதீங்க, பைண்ட் பண்ண நோட்ல, பேனாவுல, தேதி போட்டு அங்கயே எழுதுங்க.

வீட்ல "எப்ப முடியும்"னு கேப்பாங்க, நாமளும் "மூணு வருஷம்"னு சொல்லிடுவோம். யூஜிசியோட 2022 விதிப்படி மூணு வருஷங்கறது குறைஞ்சபட்சம், ஆறு வரைக்கும் போகலாம், ரீ-ரெஜிஸ்டர் பண்ணா இன்னும் ரெண்டு, பொண்ணுங்களுக்கு அதுக்கு மேலயும் ரெண்டு வருஷம் தளர்வு உண்டு, பிரசவத்துக்கு 240 நாள் வரைக்கும் லீவு எடுக்கலாம். இதை முதல் நாளே வீட்ல உக்கார வச்சு சொல்லிடுங்க. நாலாவது வருஷம் கல்யாண வீட்ல யாராவது கேக்கறப்ப அப்பா முகத்தை நீங்க பாக்க வேண்டி வராது.

எல்லாத்தையும் விட கனமா நான் தூக்கிட்டுப் போனது என் கைடு மேடம் மேல இருந்த பயம். ஒரு ப்ரொஃபசருக்கு எட்டு ஸ்காலர் வரைக்கும் இருக்கலாம், அவங்க மூணு நாள் பேசலன்னா கோபம்னு அர்த்தம் இல்ல, ஆனா அது அப்ப தெரியாது, காலையில ட்ரெயின் கிண்டி தாண்டும்போதே வயித்தைப் பிசையும். தண்ணி பட்டா கெட்டுப்போற ஒரு கிரிக்னார்ட் ரியாக்‌ஷன் மூணு வாரமா ஃபெயில், தினமும் "போய்ட்டு இருக்கு மேடம்"னு சொல்லிட்டு இருந்தேன். தூக்கம் போச்சு, சாப்பாடு இறங்கல. அந்த மாதிரி இருக்கறவங்க டெலிமானஸ்ங்கற அரசு மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணலாம், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். அப்ப எனக்கு அப்படி எதுவும் தெரியாது. பக்கத்து லேப் அண்ணன் ஒருத்தர்கிட்ட கேன்டீன்ல அழுதுட்டே சொன்னேன், அவர்தான் "இன்னைக்கே மேடம்கிட்ட போய் சொல்லும்மா"ன்னு அனுப்பி வச்சாரு.

போய் சொன்னேன். மேடம் திட்டல. நோட்டை வாங்கிப் பாத்துட்டு "டிஎச்எஃப் எப்பம்மா டிஸ்டில் பண்ணே"ன்னு கேட்டாங்க. நான் போட்ட அந்தக் கரைப்பான் பத்து நாள் பழசு, தண்ணி ஏறியிருந்துச்சு. மறுநாள் புதுசா டிஸ்டில் பண்ணிப் போட்டேன், மத்தியானத்துக்குள்ள ரியாக்‌ஷன் ஓடிடுச்சு.