லக்கு வர்றப்போ கேமரா ரெடியா இருக்கணும்: ஸ்போர்ட்ஸ் போட்டோ எடுக்கிறவங்களுக்கு

ஸ்போர்ட்ஸ் எடுக்க ஆரம்பிக்கிற நிறைய பேருக்கு ஒரு நம்பிக்கை இருக்கும், கேமரா நொடிக்கு 20 ஃபிரேம், அதாவது 20 படம் அடிக்குது, பட்டனை அமுக்கிப் பிடிச்சா எப்படியும் ஒண்ணு சிக்கிடும்னு. கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்க. மணிக்கு 140 கிலோமீட்டர்ல வர்ற பந்து ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 39 மீட்டர் போகும், அப்போ ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவுலயே பந்து ரெண்டு மீட்டர் நகர்ந்துடும், பேட்டும் பந்தும் ஒட்டியிருக்கிற நேரமோ ஏறக்குறைய ஆயிரத்துல ஒரு நொடி. அதனாலதான் ஒரு படத்துல பந்து பேட்டுக்கு முன்னாடி இருக்கு, அடுத்த படத்துல பந்தே காணோம். ஆக லக்கு வேணும், அதை மறுக்கவே முடியாது. ஆனா லக்கு வர்ற நேரத்துல நம்ம எங்க உக்காந்திருந்தோம், லென்ஸ் எந்தப் பக்கம் பாத்துட்டு இருந்துச்சு, ஷட்டர் என்ன ஸ்பீடுல இருந்துச்சு, இந்த மூணும் நம்ம முடிவு பண்றதுதான். எதுல ரிஸ்க் எடுக்கலாம், எதுல எடுக்கவே கூடாதுங்கிறதும் அப்படித்தான்.

முதல்ல இடம். 1965 மே 25, அமெரிக்காவுல லூயிஸ்டன்ல நடந்த அலி - லிஸ்டன் குத்துச்சண்டை படத்தை பாக்காதவங்க கம்மி, லிஸ்டன் தரையில மல்லாந்து கிடக்க அலி மேல நின்னு கத்துற அந்த கலர் படம். எடுத்தது ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகைக்காக வந்த நீல் லெய்ஃபர், அப்போ அவருக்கு 22 வயசு. அதே படத்துல அலியோட காலுக்கு நடுவுல எதிர்ப்பக்கத்துல ஒரு போட்டோகிராபர் தெரிவார் பாருங்க, அவர் ஹெர்ப் ஷார்ஃப்மேன், அதே பத்திரிகைக்காக வந்த சீனியர். அவர் பக்கம் கிடைச்சது அலியோட முதுகுதான். அவர் மேல ஒரு தப்பும் இல்ல, அலி இந்தப் பக்கம் திரும்பிட்டார், அவ்ளோதான். ஆனா லெய்ஃபர் ரிங்குக்கு மேல கட்டியிருந்த ஃபிளாஷ் லைட்டெல்லாம் மறுபடி சார்ஜ் ஆக சில நொடி ஆகும், அதனால அந்தத் தருணத்துக்கு அவர்கிட்ட இருந்தது ஒரே ஒரு க்ளிக், அதை அவர் அவசரப்பட்டு முன்னாடியே வீணாக்கல. பக்கம் அமைஞ்சது லக்கு, அந்த ஒரு க்ளிக்கை சரியான நொடியில வெச்சது அவரோட வேலை.

அதனால மைதானத்துக்கு போனதும் முதல்ல பேக்ரவுண்டை பாருங்க, ஆட்டத்தை அப்புறம் பாத்துக்கலாம். விளம்பர போர்டு, நிறுத்தி வெச்ச வண்டி, வெள்ளையா அடிக்கிற வானம் இதெல்லாம் பின்னாடி வந்தா எவ்ளோ நல்ல தருணமும் படத்துல எடுபடாது. ஃபுட்பால்னா எந்த டீம் அட்டாக் பண்ணும்னு நினைக்கிறீங்களோ அவங்க அடிக்கப் போற கோலுக்கு பக்கத்துல, கார்னருக்கும் போஸ்டுக்கும் நடுவுல உக்காருங்க, ஆளுங்க முகம் உங்களை நோக்கி வரும். உக்காந்துட்டீங்கன்னா அங்கேயே இருங்க. அந்தப் பக்கம் ஒரு கோல் விழுந்துச்சேன்னு எந்திரிச்சு ஓடினா, நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள இந்தப் பக்கம் விழும், ஹாஃப் டைம்ல வேணா மாறிக்கலாம்.

செட்டிங்ஸ் பத்தி சீக்கிரமா சொல்லிடறேன். ஓடுற ஆளுக்கு ஷட்டர் ஸ்பீடு குறைஞ்சது 1/1000, அதாவது ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு, பந்து தெளிவா வேணும்னா 1/2000க்கு மேல, ராத்திரி லைட்ல இதுக்கு ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை கேமரா எவ்ளோ கூட்டிக் காட்டணும்ங்கிற செட்டிங்) 6400 போனாலும் போகட்டும், அதனால புள்ளி புள்ளியா வர்ற படத்தை யாருக்குக் கொடுத்தாலும் வாங்கிப்பாங்க, ஆடிப்போன படத்தை யாரும் வாங்க மாட்டாங்க. லைட் மினுக்குற அரங்கம்னா கேமராவுல அதைச் சமாளிக்கிற ஆன்ட்டி ஃபிளிக்கர் செட்டிங்கை ஆன் பண்ணுங்க, இல்லன்னா பத்து படத்துல பாதி ஒரு கலர் பாதி ஒரு கலரா வரும். ஃபோகஸை ஷட்டர் பட்டன்ல இருந்து பிரிச்சு பின்னாடி இருக்கிற பட்டனுக்கு மாத்திக்கோங்க, நடுவுல அம்பயரோ வேற பிளேயரோ குறுக்க வந்தா கட்டைவிரலை எடுத்தா போதும், ஃபோகஸ் அவர் மேல தாவாது.

இப்போ வர்ற கேமராக்கள்ல ப்ரீ கேப்சர்னு ஒண்ணு இருக்கு, பட்டனை பாதி அமுக்கி வெச்சிருந்தா போதும், முழுசா அமுக்குறதுக்கு கொஞ்சம் முன்னாடி நடந்ததையும் சேத்து கார்டுல எழுதிடும், சில மாடல்ல ஒரு நொடி வரைக்கும் பின்னாடி போகலாம். மனுஷன் ஒண்ணைப் பாத்து விரலை அசைக்கவே கால் நொடி கிட்ட ஆகும், அந்தக் கால் நொடியை இது திருப்பித் தருது. இருந்தா கண்டிப்பா பழகிக்கோங்க. ஆனா லென்ஸ் தப்பான ஆள் மேல இருந்தா இதனால ஒரு பிரயோஜனமும் இல்ல.

சரியான ஆள் மேல லென்ஸ் இருக்கணும்னா ஆட்டம் தெரியணும், இதுக்கு குறுக்கு வழியே கிடையாது. ரன் அவுட்டை எடுத்துக்கோங்க. ஃபீல்டர் த்ரோ பண்றப்போ எல்லாரும் ஃபீல்டரையோ பந்தையோ துரத்துவாங்க, நீங்க கீப்பரோட கையைப் பாருங்க. கை ஸ்டம்ப் பக்கத்துல வந்து ரெடியா நின்னா பந்து இந்த முனைக்குத்தான் வருது, கீப்பர் சும்மா நின்னு அந்தப் பக்கம் பாத்தார்னா பவுலர் முனைக்குப் போகுது. எந்த முனைன்னு தெரிஞ்ச உடனே ஃபோகஸை ஸ்டம்ப் மேல வெச்சு நிறுத்துங்க, பேட்ஸ்மேன் தானா டைவ் அடிச்சு ஃபிரேமுக்குள்ள வருவார், பெயில்ஸ் பறக்கிறப்போ அவர் பேட் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு படமே சொல்லிடும்.

2024 ஒலிம்பிக்ஸ் சர்ஃபிங்ல, தஹிதி தீவுல பிரேசில் வீரர் கேப்ரியல் மெடினா அலைக்கு மேல, ஆகாயத்துல விரலைத் தூக்கி நிக்கிற மாதிரி ஒரு படம் வந்துச்சுல்ல, அதை எடுத்த ஜெரோம் புரூயே ஒரு போட்ல இருந்தார். அந்த அலையோட முன்பக்கமே அவருக்குத் தெரியல. ஆனா மெடினா நல்ல அலையை முடிச்சுட்டு வெளிய வர்றப்போ ஏதாவது பண்ணுவார்னு எதிர்பாத்து காத்திருந்தார். தண்ணிக்கு மேல இருந்த அந்த நேரத்துல அவர் எடுத்தது நாலு ஃபிரேம், அதுல ஒண்ணுதான் உலகம் பூரா சுத்துச்சு. சர்ஃப் போர்டும் ஆளும் அப்படி நேர் நேரா அமைஞ்சது சத்தியமா லக்கு. காத்திருந்தது லக்கு இல்ல.

நாலு ஃபிரேம்னு சொன்னேன் பாருங்க, அதை மனசுல வெச்சுக்கோங்க. பட்டனை அமுக்கிப் பிடிச்சு தொடர்ச்சியா எடுக்கிற பர்ஸ்டை சின்னச் சின்னதா அடிங்க. 1960 டிசம்பர்ல பிரிஸ்பேன்ல டெஸ்ட் வரலாற்றுலயே முதல் டை ஆச்சு, ஜோ சாலமன் த்ரோவுல ஸ்டம்ப் சிதறி மெக்கிஃப் ரன் அவுட் ஆன அந்தப் படத்தை எடுத்த ரான் லோவிட்டுகிட்ட மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஷாட்தான், அதை கடைசித் தருணத்துக்குன்னு வெச்சிருந்தார். இன்னைக்கு நமக்கு ஃபிலிம் தீராது, ஆனா படங்கள் கார்டுக்குப் போறதுக்கு முன்னாடி தங்குற பஃபர் ரொம்பிடும். சும்மா நடுவுல ஓடுற ஆளை மூணு நொடி அமுக்கிப் பிடிச்சிருப்பீங்க, கோல் விழற நேரத்துல கேமரா கார்டுல எழுதிட்டு உக்காந்திருக்கும். அதே மாதிரி கோல் விழுந்ததும் கண்ணை எடுத்து ஸ்கிரீனைப் பாக்காதீங்க, தயவுசெஞ்சு. அடுத்த பத்து நொடியிலதான் கொண்டாட்டம், தரையில உக்காந்துட்ட கோல்கீப்பர், பெஞ்சுல தலையில கை வெச்ச கோச் எல்லாம் இருக்கு. என்னைக் கேட்டா தோத்தவங்க முகத்துலதான் நல்ல படம் அதிகம், ஜெயிச்சவங்களை எல்லாரும் எடுத்துடுவாங்க.

இப்போ படத்துல எடுக்கிற ரிஸ்க். இதுக்கு நான் வெச்சிருக்கிற வரிசை ஒண்ணுதான், கொடுக்க வேண்டிய படம் கார்டுக்குள்ள போனதுக்கு அப்புறம் சூதாடலாம். பேனிங், அதாவது ஓடுற ஆளோட சேத்து கேமராவையும் திருப்பி பேக்ரவுண்டை மட்டும் கோடு கோடா ஆக்குறது பண்ண ஆசையா, ஷட்டர் 1/60ல ஆரம்பிங்க, காலை ஊனி இடுப்பை மட்டும் திருப்புங்க, க்ளிக் ஆன பிறகும் கேமரா ஆளோட சேந்து போய்ட்டே இருக்கணும், பெரும்பாலானது வீணாகும்னு தெரிஞ்சே எடுங்க. 2016 ரியோவுல உசேன் போல்ட் ஓடிட்டே பக்கவாட்டுல பாத்து சிரிக்கிற படம் இப்படி ஸ்லோ ஷட்டர்ல கேமரான் ஸ்பென்சர் எடுத்தது, அது 100 மீட்டர் செமி ஃபைனல், ஃபைனல் இல்ல. கவனிச்சீங்களா, ஃபைனலுக்கு முந்தின சுற்றுகள்தான் இந்த மாதிரி முயற்சிக்கு சரியான இடம்.

ஒரு இடத்துல வெச்சுட்டு தூரத்துல இருந்து க்ளிக் பண்ற ரிமோட் கேமராவும் அப்படித்தான். 2013 மாஸ்கோவுல போல்ட் ஜெயிச்சப்போ பின்னாடி வானத்துல மின்னல் வெட்டின படத்தை ஒலிவியே மோரின் எடுத்தது ஃபினிஷ் லைனுக்குப் பின்னாடி முன்கூட்டியே வெச்ச ரிமோட் கேமராவுல. மின்னலை யாரும் பிளான் பண்ண முடியாது, கேமராவை அங்க வெக்கிறதை பண்ணலாம். வெக்கிறப்போ நடத்துறவங்ககிட்ட அனுமதி வாங்குங்க, மேனுவல் ஃபோகஸ் வெச்சு லென்ஸோட ஃபோகஸ் ரிங்கை நகராம டேப் போட்டு ஒட்டுங்க, உயரத்துல மாட்டினா கேமராவுக்கும் லென்ஸுக்கும் தனித்தனியா சேஃப்டி கேபிள் கட்டாம வராதீங்க, கீழ விழுந்தா யாரோ ஒருத்தர் தலையிலதான் விழும்.

உடம்பை வெச்சு எடுக்கிற ரிஸ்க் மட்டும் வேண்டவே வேண்டாம். பெரிய லென்ஸ் வழியா பாக்கிறப்போ பக்கவாட்டுல வர்றது எதுவும் தெரியாது, அதனால இன்னொரு கண்ணையும் திறந்து வெச்சு எடுக்கப் பழகுங்க. வைட் லென்ஸ் அதுக்கு நேர்மாறு, கிட்ட வந்துட்ட ஆளை இன்னும் தூரத்துல இருக்கிற மாதிரி காட்டும், பாத்துட்டே இருப்பீங்க, மேல விழுந்துடுவாங்க. 2018 உலகக் கோப்பை செமி ஃபைனல்ல குரோஷியா பிளேயர்கள் கொண்டாட்டத்துல போட்டோகிராபர் யூரி கோர்டெஸ் மேல அப்படியே விழுந்தாங்க, அவர் அடியில கிடந்துகிட்டே க்ளிக் பண்ணினார், அருமையான படங்கள். ஆனா அது ஓடி வந்த சந்தோஷம். 2013 ஜெர்மன் கிராண்ட் பிரிக்ஸ் கார் ரேஸ்ல, டயர் மாத்துற பிட்ல ஒரு கார்ல இருந்து கழண்ட சக்கரம் முதுகைக் காட்டி நின்ன கேமராமேனை அடிச்சு எலும்பு முறிஞ்சுது. கார் ரேலின்னா திருப்பத்தோட வெளிப்பக்கம் நிக்கவே நிக்காதீங்க, கட்டுப்பாடு போற கார் அங்கதான் வரும், ரோட்டை விட உயரமான இடத்துல நில்லுங்க, எந்தப் பக்கம் ஓடணும்னு முதல்லயே பாத்து வைங்க. ஈட்டி, ஹேமர் நடக்கிற இடத்துல வீசுறவருக்கு முதுகைக் காட்டாதீங்க, 2012ல ஜெர்மனியில ஈட்டி பட்டு ஒரு நடுவரே இறந்துபோனார்.

நம்மளால பிளேயருக்கு வர்ற ஆபத்தும் இருக்கு. 2015 பெய்ஜிங்ல 200 மீட்டர் ஜெயிச்ச போல்ட்டை செக்வேங்கிற, நின்னுகிட்டே ஓட்டுற ரெண்டு சக்கர வண்டியில வந்த கேமராமேன் இடிச்சுக் கீழ தள்ளிட்டார், நல்லவேளை பெரிய அடி இல்ல. பேக், ஸ்பேர் லென்ஸ் எல்லாத்தையும் முதுகுக்குப் பின்னாடி வைங்க, கோட்டுக்கும் உங்களுக்கும் நடுவுல ஒண்ணும் இருக்கக் கூடாது. ஜிம்னாஸ்டிக்ஸ், டைவிங்ல ஃபிளாஷ் அடிக்காதீங்க, அந்தரத்துல இருக்கிறவங்க கண்ணுல பட்டா இறங்கற இடம் தப்பிடும்.

மேட்ச் முடிஞ்சதும் ஸ்கோர்போர்டை ஒரு ஃபிரேம் எடுத்துக்கோங்க, கேப்ஷன் எழுதறப்போ உதவும். கேமராவுலயே எதையும் டெலீட் பண்ணாதீங்க, சின்ன ஸ்கிரீன்ல ஃபோகஸ் போன மாதிரி தெரியறது பெருசா பாத்தா நல்லா இருக்கும், ஓரத்துல நீங்க கவனிக்காத ஒரு முகம் மாட்டியிருக்கும். ஒவ்வொரு பர்ஸ்ட்லயும் முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் கண்டிப்பா கம்ப்யூட்டர்ல 100 சதவீத அளவுக்குப் பெருசாக்கித் திறந்து பாருங்க.