மே லீவில் இலங்கைக் கடற்கரை: வேலூர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும் நேரமும் பள்ளி லீவும் ஒன்றாகவே வருகின்றன. அதனால் இலங்கைக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மே மாதத்தைத்தான் பிடிக்கிறார்கள். மாதம் சரி. போகிற கரைதான் பல சமயம் தப்பாகிவிடுகிறது.

போனில் பார்க்கும் மிரிஸ்ஸ, உனவட்டுன, பெந்தோட்டை எனும் தென், தென்மேற்குக் கடற்கரைகளின் படங்களில் கடல் கண்ணாடி போல இருக்கும். அவை பெரும்பாலும் டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் எடுத்தவை. மே பிற்பாதியில் தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கரையில்தான் முதலில் மோதும். செப்டம்பர் வரை அங்கே அலை உயரமாக எழும், தண்ணீர் கலங்கியிருக்கும், பல நாள் சிவப்புக் கொடி பறக்கும். அறையில் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்க்க விமான டிக்கெட் எதற்கு?

அதே நாட்களில் தீவின் கிழக்குப் பக்கம் வேறு மாதிரி இருக்கும். நடுவிலுள்ள மலைகள் மேகத்தின் ஈரத்தைப் பிழிந்துகொள்வதால், கிழக்கே இறங்கும் காற்று வறண்டு போகிறது. திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளி, மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடா என அந்தக் கரை முழுக்க ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை குளிக்க ஏற்ற காலம். அரையாண்டு லீவிலோ பொங்கலுக்கோ போனால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நமக்கு மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் திருகோணமலையையும் நனைக்கிறது. ஆகவே வானிலை பார்க்கும்போது ‘இலங்கை’ என்று தேடாமல் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ‘சரி, அந்தமான் போகலாம்’ என்று மாற்றிக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பருவமழை கேரளாவுக்கு முன்பே, மே மாதத்திலேயே அங்கே எட்டிப் பார்த்துவிடும்.

அடுத்தது, வரைபடத்தில் சின்னதாகத் தெரிகிறதே என்று இரண்டு கரையையும் ஒரே பயணத்தில் அடைக்கப் பார்ப்பது. கொழும்பிலிருந்து திருகோணமலை சுமார் 260 கிலோமீட்டர், ஆறு மணி நேரமாவது ஆகும். நடுவில் ஓர் இரவு தங்கிப் போவதுதான் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் நல்லது. அதற்குக் கண்டி தோதான இடம். அந்த ஊரின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நம் வேலூர்க் கோட்டையில்தான் கைதியாக இருந்து 1832-ல் இறந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அவர் சமாதியைப் பார்த்தவர்களுக்கு அவருடைய அரண்மனையையும் பார்க்கத் தோன்றுவது நியாயம்தானே! கையில் மூன்றே நாள்தான் என்றால் கிழக்கை விட்டுவிடுங்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் உண்டு. அங்கே காரைநகர் கசூரினா கடற்கரையில் ஆழம் குறைவு.

கூட வருகிறவர் யார் என்று பார்க்காமல் பெயருக்காகக் கரையைத் தேர்ந்தெடுப்பதும் நடக்கிறது. சின்னக் குழந்தைகளோடு போனால் என் ஓட்டு பாசிக்குடாவுக்கு. கரையிலிருந்து வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் பெரியவர்களின் இடுப்பைத் தாண்டாது. அறுகம்பை அலைச்சறுக்கு ஆடுகிறவர்களின் ஊர், அங்கே பாட்டியையும் பேத்தியையும் கூட்டிப்போய் என்ன செய்ய? நிலாவெளியிலிருந்து படகேறிப் புறாத்தீவுக்குப் போனால் பவளத்துக்கு நடுவே மீன்கள் திரிவதைப் பார்க்கலாம். ஆனால் அங்கே கரையிலேயே உடைந்த பவளத் துண்டுகள் கிடக்கும், செருப்பில்லாமல் கால் வைத்தால் கிழித்துவிடும். தண்ணீருக்குள் உயிருள்ள பவளத்தின் மேல் ஏறி நிற்கவே கூடாது, அது தேசியப் பூங்கா.

இன்னொன்றை நம் ஆண்களிடம்தான் சொல்ல வேண்டும். பம்ப்செட் கிணற்றில் குதித்துப் பழகியவர்களுக்குக் கடலிலும் அதே தைரியம் வந்துவிடுகிறது. கிணற்றுத் தண்ணீர் யாரையும் இழுத்துக்கொண்டு போகாது. கடலில் வரிசையாக அலை உடையும்போது, நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல் கொஞ்சம் கருத்து அமைதியாகத் தெரியும். ‘இங்கே அலையே இல்லையே’ என்று குடும்பத்தோடு இறங்குவது அங்கேதான். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகும் வழி அது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். களப்பு, அதாவது கடலோர உப்புநீர்க் காயல், கடலில் சேரும் முகத்துவாரத்திலும் இழுப்பு அதிகம். சில களப்புகளில் முதலையும் உண்டு. கிழக்கில் மீனவர்கள் பலரும் தமிழ் பேசுகிறவர்கள். “அண்ணே, இங்க குளிக்கலாமா?” என்று கேட்க எத்தனை நொடி ஆகும்? “ஏலாது தம்பி” என்றால் துண்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

கிழக்குக் கரையில் சூரியன் கடலில் மறைவதைத் தேடாதீர்கள், அங்கே உதயம்தான்.

அப்புறம் பௌர்ணமி. அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை, மதுக்கடைகள் மூடியிருக்கும். மே மாதத்தில் வருவது வெசாக் எனும் புத்த பூர்ணிமா, சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு. கொழும்பு, கண்டியில் கட்டும் விளக்கு அலங்காரத்தைப் பார்க்கலாம்தான். ஆனால் உள்ளூர்க்காரர்களும் கடற்கரைக்குக் கிளம்புவதால் அறை கிடைப்பது கஷ்டம், சாலையில் நெரிசல். டிக்கெட் போடுவதற்கு முன் காலண்டரில் பௌர்ணமி என்றைக்கு என்று பார்த்து, அறையை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.