சின்ன சைஸ் நாய் தண்ணியே குடிக்க மாட்டேங்குதுன்னு பதறி நம்ம பண்ற தப்புங்க

சித்திரை பொறந்து வெயில் ஏற ஆரம்பிச்சுட்டா மதுரைல நாய் வளக்குற வீடுகள்ல கேக்குற முதல் புலம்பல், "வச்ச தண்ணி வச்ச மாதிரியே கெடக்குங்க, இவன் வாயே வைக்க மாட்டேங்குறான்". பொமரேனியன், ஷிட்ஸு, பக், டாஷ்ஹண்ட்னு சின்ன சைஸ் நாய் வச்சுருக்கவங்ககிட்டதான் இது ஜாஸ்தி. நெறைய நேரம் நாய்க்கு ஒன்னும் இருக்காது, பயத்துல இவங்க பண்ற வைத்தியத்துலதான் பிரச்சனையே ஆரம்பிக்கும்.

மொதல்ல அளவு. நல்லா இருக்குற நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு சுமாரா 50லருந்து 60 மில்லி தண்ணி போதும், அதுவும் சாப்பாட்டுல இருக்குற தண்ணியையும் சேத்து. உங்க பொமரேனியன் 4 கிலோன்னு வைங்க, 200லருந்து 240 மில்லி. குவார்ட்டர்னா 180ன்னு நம்மூர்ல யாருக்கும் சொல்லித் தரவே வேணாம், அதுக்கு மேல கொஞ்சம், அம்புட்டுதான் ஒரு நாள் முழுக்க. இத ரெண்டு லிட்டர் புடிக்கிற பேசின்ல ஊத்தி வச்சுட்டு கொறையலையேன்னா எப்படிக் கொறையும்? வெயில், ஓட்டம், குட்டிக்குப் பால் குடுக்குற தாய் நாய், இதெல்லாம் இருந்தா அளவு கூடும், அது வேற கதை.

சாப்பாட்டக் கணக்குல எடுக்காததுதான் அடுத்த தப்பு. பெடிகிரி மாதிரி காஞ்ச தீனில நூத்துக்குப் பத்து பங்குதான் தண்ணி இருக்கும், அதனால அதத் திங்கிற நாய் கிண்ணத்துகிட்ட அடிக்கடி போகும். சோறும் வேகவச்ச கோழியும் திங்கிற நாய்க்கு அந்தச் சாப்பாட்டுலயே பாதிக்கு மேல தண்ணிதான், அதுல தயிர் வேற ஊத்திப் பெசஞ்சு வச்சா அது எதுக்குக் கிண்ணத்துப் பக்கம் வரப்போகுது. பக்கத்து வீட்டு நாய் நாலு தடவ குடிக்குது எங்க வீட்டுது ஒரு தடவதான்னு சொல்றதுக்கு முன்னாடி, அது என்ன திங்குது இது என்ன திங்குதுன்னு கேளுங்க.

இப்ப வைத்தியத்துக்கு வருவோம். இருக்குறதுலயே மோசமானது சிரிஞ்சுல தண்ணி புடிச்சு வாய்க்குள்ள பீய்ச்சுறது. நாய அண்ணாக்கப் புடிச்சுக்கிட்டு தொண்டைக்கு நேரா அழுத்துனா தண்ணி மூச்சுக்குழாய்ல எறங்கி நுரையீரலுக்குப் போயிரும், அதுல நிமோனியா வந்து உயிருக்கே ஆபத்தாயிரும். பக், ஷிட்ஸு மாதிரி சப்ப மூக்கு நாய்க்கு மூச்சு விடுறதே பெரும்பாடு, அதுககிட்ட இந்த வேலையே வேணாம். டாக்டர் மருந்து எழுதி சிரிஞ்சுல குடுக்கச் சொன்னா, தலையத் தூக்காம கன்னத்து ஓரமா சொட்டுச் சொட்டா விடணும், அது நக்கி முழுங்குனப்புறம் அடுத்த சொட்டு. மயங்கிக் கெடக்குற நாய் வாயில தண்ணி ஊத்தவே கூடாது.

ரெண்டாவது, "தண்ணிதான வேணாங்குது, பால் குடிக்கட்டும்". வளந்த நாய்ங்க நெறையாவுக்குப் பால்ல இருக்குற லாக்டோஸ் செரிக்காது. வயித்தால போகும், உள்ள இருந்த தண்ணியும் சேந்து போயிரும், நீங்க எதுக்காகக் குடுத்தீங்களோ அதுக்கு நேர் எதிரா முடியும். ஜிகர்தண்டால ஒரு வாய் குடுத்தா நாய் கண்ண மூடி நக்குதுங்கன்னு பெருமையாச் சொல்றவங்களும் உண்டு, நக்கத்தான் செய்யும், பாலும் சீனியும் ஐஸ்கிரீமும் கெடச்சா யார்தான் நக்க மாட்டா. தண்ணி ஊத்தி நீர்த்த உப்பில்லாத மோர் கொஞ்சம் செலதுக்கு ஒத்துக்கும், அதுகூடக் கட்டாயம் இல்ல. எலக்ட்ரால் பாக்கெட்ட தெனமும் கரைச்சு வைக்கிறதும் வேணாம், நல்லா இருக்குற நாய்க்கு எதுக்கு உப்பும் சக்கரையும்? சுகர் ஃப்ரீன்னு போட்ட எதையும் கிட்டயே கொண்டுபோகாதீங்க, சைலிட்டால்னு ஒரு இனிப்பு அதுல இருக்கலாம், கொஞ்சம் உள்ள போனாலே நாய்க்கு ரத்தத்துல சக்கர மளமளன்னு எறங்கும், ஈரல் கெட்டுப்போகும்.

ருசிக்காகத்தான் எதையாச்சும் சேக்கணும்னா எலும்பில்லாத கோழிய சும்மா வேகவச்ச தண்ணி ரெண்டு ஸ்பூன் கலந்து வைங்க. சும்மான்னா சும்மாதான், உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்தச் செவப்பணுவ ஒடச்சு ரத்தசோகைல விட்டுரும். நம்ம வீட்டுக் கொழம்பு எதுல சின்ன வெங்காயம் இல்லாம இருக்கு சொல்லுங்க. கருவாட்டுச் சோறு வச்சா நாய் ஒரே மூச்சுல கிண்ணத்தக் காலி பண்ணும்தான், அத நாய் தேறிருச்சுன்னு எடுத்துக்காதீங்க, உப்பு தாங்காமக் குடிக்குது.

சரி, நெசமாவே குடிக்க மாட்டேங்குதுன்னா நாயப் பாக்குறதுக்கு முன்னாடி கிண்ணத்தப் பாருங்க. மே மாசம் மதியம் மொட்டமாடி டேங்க் கொழாயத் தொறந்தா கையே சுடுது, அந்தத் தண்ணிய அப்படியே புடிச்சு வச்சா எது குடிக்கும். போர் தண்ணி உப்பா இருக்குற ஏரியால நீங்க கேன் தண்ணி குடிச்சுக்கிட்டு நாய்க்கு மட்டும் போர் தண்ணி வச்சுருப்பீங்க. பாத்திரத்துல சோப்பு வாசம் நிக்கும், நமக்குத் தெரியாது, அது மூக்குக்குத் தெரியும். கழுத்துப் பட்டைல தொங்குற பித்தளப் பில்லை எவர்சில்வர் விளிம்புல டிங்கு டிங்குன்னு இடிக்கும், பயந்த சுபாவம் உள்ள நாய் ரெண்டு நக்கு நக்கிட்டு நகந்துரும். வாஷிங் மெஷின் பக்கத்துலயோ ஆளுக குறுக்க நெடுக்க நடக்குற வாசப்படிலயோ வச்சாலும் அதே கததான். பிளாஸ்டிக் கிண்ணம்னா கீறல்ல வழவழன்னு ஏடு புடிக்கும், வெரலால தடவுனாலே தெரியும்.

என்னையக் கேட்டா மானாமதுர மண்சட்டி ஒன்னு வாங்கிருங்க, நாய் மோவாய் எட்டுற ஒசரத்துல அகலவாய்ச் சட்டி. தண்ணி கசிஞ்சு ஆவியாகுறதால கரண்ட்டு இல்லாமயே ஜில்லுன்னு இருக்கும். தெனமும் தேங்கா நாரப் போட்டுத் தேச்சு வெறுந்தண்ணில கழுவுங்க, சோப்பு போட்டா மண்ணு சோப்ப உறிஞ்சிக்கும். வீட்டுக்குள்ள ரெண்டு மூனு எடத்துல வைங்க. வெளிய வைக்கிற தண்ணிய ராத்திரி கொட்டிட்டு வெள்ளன எந்திரிச்சு புதுசா ஊத்துங்க, எலியும் பெருச்சாளியும் அதுல வாய வச்சு ஒன்னுக்கும் இருந்துட்டுப் போகும், எலிக்காய்ச்சல் அப்படித்தான் பரவுது, நாய்கிட்டருந்து நமக்கும் வரும். வாக்கிங் போறப்ப ரோட்டுல தேங்குன தண்ணிய நக்க விடாததுக்கும் இதான் காரணம். வருசா வருசம் போடுற தடுப்பூசில அதுக்கும் சேத்து இருக்கான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.

தண்ணி பத்தலயான்னு பாக்குறதுக்கு எல்லாரும் மூக்கத் தொட்டுப் பாப்பாங்க. மூக்கு காஞ்சுருந்தா ஒடம்புல தண்ணி இல்லன்னு அர்த்தமே இல்ல, ஃபேனுக்கு அடில தூங்கி எந்திரிச்ச நாய்க்கு மூக்கு காஞ்சுதான் இருக்கும். ஈறப் பாருங்க. ஒதட்டத் தூக்கி வெரலால தொட்டா ஈரமா வழுக்கணும், பிசுபிசுன்னு ஒட்டுனா யோசிக்கணும். ஒரு அமுக்கு அமுக்கி விட்டா வெளுத்த எடம் ரெண்டு செகண்டுக்குள்ள ரோஸ் கலருக்குத் திரும்பணும். செலதுக்கு ஈறே கருப்பா இருக்கும், அப்ப ரோஸா இருக்குற திட்டு எங்கயாச்சும் இருந்தா அங்க பாருங்க. பிடரித் தோலத் தூக்கி விட்டுப் பாக்குற சோதனையும் இருக்கு, சடார்னு எறங்கணும், ஆனா பக்குக்கும் வயசான நாய்க்கும் மெலிஞ்ச நாய்க்கும் தோலு எப்பவுமே தொளதொளன்னு இருக்குறதால அத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. ஒன்னுக்கு வெளிர் மஞ்சளாப் போனா நிம்மதி, காப்பி கலர்லயோ செவப்பாவோ போனா அன்னைக்கே டாக்டர், ஏன்னா அது தண்ணிக் கொறைச்சலா மட்டும் இருக்காது, உண்ணிக் காய்ச்சலாவும் இருக்கலாம்.

யாருமே கவலப்படாத பக்கம் ஒன்னு இருக்கு, நாய் நெறையக் குடிக்கிறது. "நல்லாக் குடிக்குதுங்க, பிரச்சனையே இல்ல"ம்பாங்க. காலைல 500 மில்லி அளந்து ஊத்தி மறுநாள் காலைல மிச்சத்த அளங்க, இப்படி ஒரு மூனு நாலு நாள் அளந்து ஒரு சீட்டுல எழுதி வைங்க. கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல தெனமும் போகுதுன்னா, அதாவது 4 கிலோ நாய் 400 மில்லிக்கு மேல குடிச்சா, அது வெயிலால மட்டும்னு விட்டுரக் கூடாது. சுகர், கிட்னி, அரிப்புக்குப் போட்ட ஸ்டெராய்டு, இதுல எதுவா வேணாலும் இருக்கலாம். குடும்பக் கட்டுப்பாடு பண்ணாத பொட்ட நாய்னா இன்னும் உஷார், தீட்டு முடிஞ்சு ஒன்னு ரெண்டு மாசத்துல கர்ப்பப்பைல சீழ் புடிச்சாலும் இப்படித்தான் தண்ணியாக் குடிக்கும், வெளிய சீழ் வடியாமகூட இருக்கும், லேட் பண்ணா போயிரும். ராத்திரி வீட்டுக்குள்ள ஒன்னுக்குப் போகுதேன்னு சாயங்காலத்தோட தண்ணிய எடுத்து வச்சுருவாங்க பாருங்க, அது பெரிய கொடும. கிட்னி கெட்ட நாய் ஒன்னுக்க அடக்க முடியாமப் போகல, தண்ணிய உள்ள நிறுத்த முடியாமப் போகுது. அதுகிட்ட தண்ணிய மறச்சா ஒரே ராத்திரில சுருண்டுரும்.

இன்னொன்னு, தண்ணி குடிக்கலன்னதும் வீட்டுல பெரியவங்க யாராச்சும் வெறி புடிச்சுருக்குமோன்னு கெளப்பி விட்டுருவாங்க. தண்ணியக் கண்டு மெரள்றது வெறிநோய் வந்த மனுசங்களுக்கு. நாய்க்குத் தொண்டை செயலிழந்து முழுங்க முடியாமப் போகும், ஆனா தண்ணியப் பாத்துப் பயப்படாது. ஊசி தவறாமப் போட்ட வீட்டு நாய் ஒரு நாள் தண்ணி கம்மியாக் குடிச்சா அதுக்கும் வெறிநோய்க்கும் முடிச்சுப் போட வேணாம். ஊசி போடாத நாய், குணம் மாறிருக்கு, கொரல் மாறிருக்கு, தாடை தொங்கி எச்சி ஒழுகுதுன்னா மட்டும், எலும்பு எதுவும் மாட்டிருக்கான்னு வாய்க்குள்ள கைய விட்டுறாதீங்க. தனியாப் பூட்டிட்டு டாக்டருக்குப் போன் பண்ணுங்க.

மத்தபடி எப்ப ஓடணும்னா, குட்டி நாய்க்கு வாந்தியும் பேதியும் சேந்து வந்தா மறுநாள் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காதீங்க, பார்வோங்குற வைரஸ் நோயா இருந்தா வாய்வழியா எவ்வளவு ஊத்துனாலும் தங்காது, ட்ரிப்ஸ்தான் காப்பாத்தும். வளந்த நாய் ஒரு நாள் முழுக்க ஒரு வாய்கூடக் குடிக்காம, சாப்பாட்டையும் தொடாம, சோந்து படுத்துருந்தாலும் அப்படித்தான். வெயில்ல நாக்க நீட்டி நிக்காம எரைக்குது, தள்ளாடுதுன்னா ஒடம்புல கொழாத்தண்ணி ஊத்தி ஃபேனப் போடுங்க, ஈரத்துண்டப் போத்தி விடாதீங்க, சூடு உள்ளயே நிக்கும், அப்படியே வண்டில ஏத்துங்க. தல்லாகுளம் மாட்டாஸ்பத்திரியோ பக்கத்துல இருக்குற கிளினிக்கோ எதுவா இருந்தாலும், அளந்து எழுதுன அந்தச் சீட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க, "கொஞ்சமாக் குடிக்குது டாக்டர்"னு சொல்றதவிட 4 கிலோ நாய் நேத்து 90 மில்லிதான் குடிச்சுச்சு, தின்னது பெடிகிரி மட்டும்தான்னு சொன்னா அவருக்கு வேல சுளுவா முடியும்.